ஜார்ஜ் சொன்ன சாட்சி

ஜார்ஜுக்கு இரண்டு சீக்கு. ஒன்று செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்தது. இன்னொன்று அவர் பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது.

தெரிந்த சீக்கு ஆஸ்துமா. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கமே கிடையாது. இத்தனை வருஷம் பணிமனைத் தூசியில் நின்ற நெஞ்சு அல்லவா! சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று பேஸ் என்கிற கட்டைக் குரலில் பாடுகிறவர், நடுவில் மூச்சு முட்டினால் அங்கியை விலக்கி, சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து எல்லாருக்கும் தெரிய ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, அடுத்த சரணத்தில் வந்து சேர்ந்துகொள்வார். "பாவம், அந்த வீசிங்கை வெச்சுக்கிட்டும் எப்படிப் பாடறார் பாருங்க" என்று சனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். அது ஜார்ஜின் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது!

தெரியாத சீக்கு, பயம்.

அது 2005 குளிர்காலத்தில் வந்தது. ஒரு நாள் பணிமனையில் நிஜமாகவே மூச்சு அடைத்து, உதடு நீலம் பாரித்து, கூட வேலை செய்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்த பிறகுதான் கூத்தே ஆரம்பம். சும்மா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். 'இப்போது மூச்சு நின்றுவிடும்' என்று ஒரு நினைப்பு வரும். அவ்வளவுதான். நெஞ்சு தடதடக்கும், உள்ளங்கை வியர்க்கும், விரல் மரத்துப்போகும். இன்ஹேலரை இழுப்பார், அடங்காது. இன்னும் இழுப்பார், படபடப்பு இன்னும் ஏறும். மனைவி ஹில்டா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அங்கே டியூட்டி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறதே என்பார். அடுத்த வாரமும் அதே ஓட்டம், அதே பதில். கடைசியில் அவரே, மரியாதையாகத்தான், இது நுரையீரல் சமாசாரம் இல்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மனநல டாக்டர்! ஜார்ஜுக்குக் காது இரண்டும் சுட்டன.

"நான் என்ன மெண்டலா? நக்கோ. நான் வரமாட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"கைக்கு இப்படிக் கத்தறீங்க? நெஞ்சுக்கு டாக்டர்கிட்ட போனீங்க இல்ல? இதுக்கும் போங்க" என்றாள் ஹில்டா. நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன்; அந்த ஊர்த் தமிழர் வாயில் உருது இப்படித்தான் புகுந்துவிடும். ஹில்டா ஸ்கூல் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள்.

செகந்திராபாத்தில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் சபையார் கண்ணில் படாத இடமாக வேண்டுமே! தேடித் தேடி ஏ.எஸ்.ராவ் நகரில் ஒருத்தரைப் பிடித்தார்கள். டாக்டர் சந்திரமோகன், மதுரைப் பக்கத்துக்காரர். பஸ் பிடித்துப் போய், காத்திருக்கிற அறையில் ஆங்கிலப் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் ஜார்ஜ். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. திருடப் போனவன்கூட அவ்வளவு பதுங்கியிருக்க மாட்டான்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், உங்க ஆஸ்துமா நிஜம். பயமும் நிஜம். மூச்சு அடைச்சுச் சாகப் பார்த்தவருக்குப் பயம் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். ரெண்டுக்கும் மருந்து இருக்கு. இந்த மாத்திரையைத் தினம் காலையில போடுங்க. மெதுவாத்தான் வேலை செய்யும், பொறுமையா இருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடக் கூடாது. திடீர்னு நிறுத்தினா உடம்பு ஆடிப்போயிடும். குறைக்கணும்னா நான் குறைக்கிறேன்."

பிறகு ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். கையை இறுக்கி மூடி, மெல்ல விட வேண்டும். அப்படியே தோள், முகம், கால் என்று ஒவ்வொன்றாக இறுக்கி விட வேண்டும். மூச்சை மூக்கால் இழுத்து, வாயைக் குவித்து, சூடான காபியை ஊதுகிற மாதிரி நிதானமாக வெளியே விட வேண்டும்.

வீட்டில் அதற்கு ஹில்டாதான் வாத்தியார். மகள் எமி மாதாப்பூர் ஆபீசுக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்றுகொள்வாள். "கையை முறுக்குங்க. இன்னும் முறுக்குங்க. இப்ப விடுங்க. விடுங்கன்னா விடணும்! தோளை ஏன் காதுக்கு மேல வெச்சிருக்கீங்க?" கண்ணை மூடிக்கொண்டிருந்த ஜார்ஜுக்குச் சிரிப்பு வந்துவிடும். "சிரிக்கறதும் ரிலாக்ஸ்தான், சிரிங்க" என்பாள். அந்த மாதங்களில் அவர் சிரித்தது அந்தக் கட்டிலில்தான்.

மாத்திரையை மட்டும் அதன் அட்டையோடு வைத்திருக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, காலியான ஒரு பி-காம்ப்ளெக்ஸ் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார். ஒரு நாள் எமி அதைக் கையில் எடுத்து, "டாடி, நானும் ஒண்ணு போட்டுக்கவா? ரொம்ப டயர்டா இருக்கு" என்று கேட்டுவிட்டாள். ஜார்ஜ் பாய்ந்து வந்து வெடுக்கென்று பிடுங்கினார். பெண் திகைத்துப்போய் நின்றாள். வைட்டமின் மாத்திரைக்கு இந்தப் பாடா என்று நினைத்திருப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, மாத்திரையும் பயிற்சியும் வேலை செய்தன. ஆட்டோவில் ஓடுவது நின்றது. ஆஸ்துமா எங்கேயும் போகவில்லை. ஆனால் எது வீசிங், எது பயம் என்று ஜார்ஜுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. மறுபடி பணிமனைக்குப் போனார். பாடகர் குழுவில் தன் பழைய இடத்தில் நின்றார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது?

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்கள் ஆராதனை நடுவில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரோடு முன்னால் வருவார்கள். விருப்பப்பட்டால் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையைப் பற்றி ஒரு வார்த்தை சாட்சி சொல்வார்கள். ஒரு வார்த்தை என்பது பெயருக்குத்தான். மைக் கைக்கு வந்தால் யார் விடுகிறார்கள்!

'போன வருஷம் சாகக் கிடந்தேன், கர்த்தர் பிழைக்க வைத்தார், ஸ்தோத்திரம்.' தன் பிறந்தநாள் வாரத்தில் ஜார்ஜ் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். ஆனால் அவருக்கு முன்னால் மைக்கைப் பிடித்த ஓர் அம்மாள், தன் முழங்கால் வலி ஒரே ஜெபத்தில் பறந்துபோன கதையைச் சொல்லிச் சபையையே அழவைத்துவிட்டாள். அந்தச் சூட்டில் மைக் ஜார்ஜிடம் வந்தது.

"போன வருஷம் சாகக் கெடந்தேன். கர்த்தர் பொழைக்க வெச்சார்" என்றார். சபை "அல்லேலூயா" என்றது. காதில் தேன் பாய்ந்தது. "அதுக்கப்புறம் ஒரு பயம் என்னைப் பிடிச்சு ஆட்டுச்சு. அந்தப் பயத்தையும் கர்த்தர் எடுத்துப்போட்டார்!" அல்லேலூயா இன்னும் ஓங்கி வந்தது. இதுவரைக்கும் எதுவும் பொய் இல்லை. இங்கே மைக்கை வைத்திருக்கலாம். "மருந்து இல்ல, மாத்திரை இல்ல! வெறும் ஜெபம்! ஜெபம் ஒண்ணுதான்!"

கை தட்டினார்கள். அந்த அமைதியான சபையில் அப்படிக் கை தட்டி யாரும் பார்த்ததில்லை. அன்று காலை காபியோடு விழுங்கிய மாத்திரை ஜார்ஜின் வயிற்றுக்குள் இருந்தது.

வாய் தவறி வந்துவிட்டது என்று அவர் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தவறி வருகிற வாய் அவ்வளவு கணீரென்றா பேசும்? ஹில்டா தலையைக் குனிந்து மடியிலிருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தட்டைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

ஆனால் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், சர்ச் வாசலில் டீ குடிக்கிற இடத்தில் ரோஸ்லின் வந்து நின்றாள். தூத்துக்குடிப் பெண். எமியின் ஆபீசில்தான் வேலை, அமீர்பேட்டையில் ஹாஸ்டல். பாடகர் குழுவில் உச்சக் குரல் பெண்களின் சோப்ரானோ வரிசையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

"அங்கிள், எனக்கும் சின்ன வயசில இருந்தே வீசிங் உண்டு" என்றாள் தாழ்ந்த குரலில். "இங்க வேலைக்கு வந்த பெறகு பயமும் சேந்து வருது. மீட்டிங்ல உக்காந்தா மூச்சு நின்னுரும்போல இருக்கு. டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு. நீங்க நெசமாவே ஒண்ணும் போடலையா?"

பெண் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜார்ஜ் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பாடகர் குழுத் தலைவர் துரைராஜ் டீக் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றார். சற்று முன்னால்தான் அவர் ஜார்ஜின் முதுகைத் தட்டி, "பிரமாதமான சாட்சி!" என்றிருந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. விசுவாசம் இருந்தாப் போதும்" என்றார் ஜார்ஜ்.

திடீரென்று நிறுத்தினால் உடம்பு ஆடிப்போகும் என்று டாக்டர் சொன்னது அவருக்கு அப்போதும் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்துகொண்டேதான் சொன்னார்.

அதன் பிறகு சில வாரங்கள் சோப்ரானோ வரிசையில் ரோஸ்லினைக் காணோம். ஜார்ஜ் அதைக் கவனித்தார். கவனித்து, அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே! இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

ஒரு நாள் சாப்பிடும்போது எமிதான் பேச்சை எடுத்தாள். "ரோஸ்லின் ஆபீசுக்கே வர்றதில்ல டாடி. ஷீ இஸ் வெரி சிக். தலை சுத்துதாம், ஷாக் அடிக்கிற மாதிரி இருக்காம், அழுதுட்டே இருக்கா. டேப்லெட்ஸ் எல்லாம் டஸ்ட்பின்ல போட்டுட்டாளாம். தினமும் இழுக்கிற இன்ஹேலர் பஃபையும் விட்டுட்டா. உங்க டெஸ்டிமனி கேட்டுத்தானாம்."

"யாரு சொன்னது?" என்றாள் ஹில்டா.

"அவளேதான் மம்மி. ஹவ், ஆமா, நிஜமா. ஊருக்கே போறாளாம், வேலையை விட்டுட்டு." எமி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜார்ஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் ஹில்டா.

"நானா அவளை விடச் சொன்னேன்?"

"விசுவாசம் இருந்தாப் போதும்னு யாரு சொன்னது? நான் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

ஜார்ஜ் மென்று விழுங்கினார். "நான் வேணா நம்ம டாக்டர் நம்பரை அவளுக்கு எஸ்எம்எஸ் பண்ணிடறேன்."

"மைக்கில சொன்ன பொய்யை எஸ்எம்எஸ்ல திருத்தறீங்களா?" ஹில்டா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். "இது மூச்சு விஷயங்க. பஃபையும் விட்டிருக்கா. உங்களைத் தூக்கிட்டுப் போன மாதிரி அவளைத் தூக்கிட்டுப் போக அந்த ஹாஸ்டல்ல யாரு இருக்காங்க? ஏதாவது ஆச்சுன்னா நம்ம எமி மூஞ்சியை எப்படிப் பார்ப்பீங்க?"

மறுநாள் காலை ஜார்ஜ் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். கிளம்புகிற படபடப்பில் மாத்திரையைக்கூடப் போடவில்லை. ஹில்டா டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கூடவே பஸ் ஏறினாள்.

ஹாஸ்டலில் பார்வையாளருக்கென்று தனி அறை கிடையாது. வாசல் கூடத்தில் செருப்பு அடுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ரோஸ்லின் வந்தாள். கண் குழிவிழுந்து, தலை வாராமல், அவளைப் பார்க்கவே ஹில்டாவுக்குப் பொறுக்கவில்லை. பேசும்போது நெஞ்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அது நிஜ வீசிங். ஜார்ஜுக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?

"அப்பா சனிக்கிழம வாராங்க அங்கிள். ஊருக்குப் போகுதேன்" என்றாள். "உங்களுக்குக் கெடச்சது எனக்குக் கெடைக்கல. எனக்குத்தான் விசுவாசம் பத்தல. என்ன பாவம் தடுக்குதுன்னு யோசிச்சு யோசிச்சு எல்லாத்தையும் அறிக்கை பண்ணிட்டேன். சின்ன வயசில அக்கா டிபன் பாக்ஸ்ல இருந்த முட்டையத் திருடித் தின்னது வரைக்கும் சொல்லிட்டேன். ஒண்ணும் நடக்கல." பிறகு கையைக் கூப்பினாள். "நீங்க ஒரு தடவ எனக்காக ஜெபம் பண்ணுங்க அங்கிள். உங்க ஜெபத்த ஆண்டவர் கேப்பாரு."

ஜார்ஜுக்கு நெஞ்சு தடதடவென்று அடித்தது, விரல் மரத்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் இன்ஹேலரை எடுத்தது.

"வீசிங்கா அங்கிள்?" என்று ரோஸ்லின் பதறி எழுந்தாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவள் உச்சுக்கொட்டுவாள், தண்ணீர் கொடுப்பாள், பேச்சு மாறிவிடும். ஜார்ஜ் இன்ஹேலரைத் திரும்பப் பைக்குள் வைத்தார். ஹில்டாவிடம் கையை நீட்டினார். "அதைக் குடு."

ஹில்டா பி-காம்ப்ளெக்ஸ் டப்பாவைக் கொடுத்தாள். ஜார்ஜ் ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினார்.

"இது வீசிங் இல்லம்மா. பயம். இது வைட்டமின் இல்ல. அந்தப் பயத்துக்கு மனநல டாக்டர் குடுத்த மாத்திரை. தினமும் காலையில போடறேன். சாட்சி சொன்ன அன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

ரோஸ்லின் மாத்திரையைப் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குப்பைத் தொட்டியில் போட்டதும் அதே வெள்ளை மாத்திரைதான். பிறகு ஜார்ஜைப் பார்த்தாள். அப்படிப் பார்க்கிறவளின் முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட அன்றைக்குப் பணிமனையிலேயே செத்துப்போயிருக்கலாம் என்று ஜார்ஜுக்குத் தோன்றியது.

"நான் என்னயப் பாவின்னு நெனச்சேன் அங்கிள்" என்றாள். "இத்தன நாளா."

"தப்புதாம்மா" என்றார். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். மூச்சு இன்னும் தாறுமாறாக ஓடியது. வேலைக்குக் கிளம்பிய பெண்கள் செருப்பு மாட்டிக்கொண்டே பார்க்க, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையை இறுக்கி மூடினார், விட்டார், வாயைக் குவித்து ஊதினார். ரோஸ்லின் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் கையை மூடினாள். அவளுக்கும் அவள் டாக்டர் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார் போலிருக்கிறது.

அன்றைக்கே அவளை ஏ.எஸ்.ராவ் நகருக்கு அழைத்துப் போனார்கள். காத்திருக்கிற அறையில் ஜார்ஜ் பேப்பர் எடுக்கவில்லை. டாக்டர் சந்திரமோகன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அவளுக்கு மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார். பஃபை உடனே தொடங்கச் சொல்லி, நெஞ்சு டாக்டரிடமும் அன்றே அனுப்பினார். ஜார்ஜை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வரும் பஸ்ஸில் ரோஸ்லின் அப்பாவுக்குப் போன் போட்டு, ஊருக்கு இப்போது வரவில்லை என்று சொன்னாள். ஜார்ஜிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "என்னய விடுங்க. அன்னைக்கு சர்ச்ல அவ்வளவு பேரு இருந்தாங்களே. கேட்டுட்டு வேற யாரெல்லாம் விட்டாங்களோ?"

ஜார்ஜ் அதை அதுவரை யோசிக்கவே இல்லை. ஒரு பெண்ணிடம் தலை குனிந்ததோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை உள்ளவர், பிரஷர் உள்ளவர், வலிப்புக்கு மாத்திரை போடுகிற பிள்ளை என்று வரிசை வரிசையாக முகங்கள் அவர் கண்முன் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை போதகர், "இந்த வாரம் பிறந்தநாள் காண்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்றார். ஜார்ஜ் கடைசி வரிசையிலிருந்து இறங்கி நடந்தார். "உங்களுது முடிஞ்சுபோச்சே" என்று துரைராஜ் கிசுகிசுத்தார். ஜார்ஜ் நிற்கவில்லை. மற்றவர்கள் சொல்லி முடித்ததும் மைக்கை வாங்கினார்.

"என் பொறந்தநாள் முடிஞ்சிடுச்சு" என்றார். சிலர் சிரித்தார்கள். "அன்னைக்கு இங்க நின்னு, மருந்து இல்ல மாத்திரை இல்லன்னு சொன்னேன். பொய் சொன்னேன். அன்னைக்குக் காலையிலயும் போட்டேன், இன்னைக்கும் போட்டிருக்கேன். மனநல டாக்டர் குடுத்த மாத்திரை. என் பேச்சைக் கேட்டு யாராவது எந்த மருந்தையாவது நிறுத்தியிருந்தா, தயவுபண்ணி இன்னைக்கே உங்க டாக்டர்கிட்ட போங்க. கர்த்தர் என்னைக் கைவிடல. அது நிஜம். மாத்திரையும் நிஜம்."

அல்லேலூயா வரவில்லை. துரைராஜ் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார். மூன்றாவது வரிசையில் எமி வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அந்த டப்பா அவளுக்கு இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ஜார்ஜுக்கு நெஞ்சு பிடித்துக்கொண்டது. இன்ஹேலரைத் தொடவில்லை. அங்கேயே நின்று கையை இறுக்கினார், விட்டார், வாயைக் குவித்து ஊதினார். மைக்கைக் கீழே வைக்க மறந்துபோயிருந்தது. அந்த ஊதல் 'புஸ்ஸ்' என்று சர்ச் முழுக்கக் கேட்டது. ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவருக்கு. இருந்தும் இன்னொரு மூச்சு இழுத்து, இன்னொரு தடவை ஊதினார்.

சோப்ரானோ வரிசையிலிருந்து "ஆமென்" என்று ஒரு குரல் வந்தது.

ரோஸ்லின்தான். கோபமாகத்தான் சொன்னாள். ஜார்ஜ் மைக்கைப் போதகர் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றார்.